பிள்ளை தூங்குகிற வரைக்கும்

பிள்ளை தூங்கினால்தான் ஸ்கேன். பிள்ளையோ இப்போதைக்குத் தூங்குகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் டாக்டர் ஆறுமுகநயினார் தன் சுழல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் மாரித்தங்கம் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று பத்து. ஏசியைக் குறைத்தாயிற்று, விளக்கில் ஒன்றை அணைத்தாயிற்று, ஜெல் பாட்டிலை வெந்நீரில் நிறுத்திச் சூடும் பண்ணியாயிற்று, இனிமேல் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, அதுதான் வினை. வேலை இருந்தால் மனுஷன் தப்பித்துக்கொள்ளலாம். கனிஷ்காவுக்கு எட்டு மாசம். இடது புருவத்துக்குக் கீழே ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு வளர்ந்த கட்டி, பிறந்தபோது ஒரு கொசுக்கடி அளவு, இப்போது மேல் இமையையே இழுத்துக் கண்ணை மூடிவிட்டது. நாளைக் காலை குழந்தைகள் அறுவைச் சிகிச்சை டாக்டர் ஜெபராணி அதைத் திறக்கிறார். எந்தக் குழாய் எங்கிருந்து உள்ளே போகிறது, எது தடிமன், எதை முதலில் கட்ட வேண்டும் என்று அந்தம்மாவுக்கு ஒரு வரைபடம் வேண்டும். "நயினார் சார் கை பட்டாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று வார்டிலேயே எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டுப் போனார். கை பட்டால்! அந்தக் கையை நயினார் மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். நாற்பத்தாறு வயசுக் கை, நகம் ஒட்ட வெட்டின கை, பார்ப்பதற்குச் சாது மாதிரித்தான் இருந்தது.

சப், சப் என்று பால் குடிக்கிற சத்தம். நின்றது. தூங்கிவிட்டதோ? இல்லை, மறுபடியும் சப், சப். ஒரு கண்ணை ஆறு வாரம் மூடி வைத்தால் என்ன ஆகும்? பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எட்டு மாசத்துப் பிள்ளைக்கு ஆகும். கண்ணுக்கு ஒரு கேடும் இருக்காது, மூளை அந்தக் கண்ணை மறந்துபோகும், இது எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடும், பிறகு இமையைத் திறந்துவிட்டாலும் பார்க்கத் தெரியாது. கண் டாக்டர் இதை மிக நிதானமாக, சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். நயினாரும் அப்போது பக்கத்தில்தான் நின்றார், தலையைக்கூட ஆட்டினார். ஆறு வாரம். ஏப்ரலில் இந்தக் கட்டி வற்றிக்கொண்டிருந்தது. அல்லது வற்றிக்கொண்டிருப்பதாக நயினார் எழுதினார். எழுதினார், எழுதினார், எழுதத்தானே வரும் அவருக்கு. இந்த மாதிரிக் கட்டிக்கு இதயத்துக்குக் கொடுக்கிற மருந்து ஒன்றையே சின்ன அளவில் கொடுக்கிறார்கள், நன்றாகவே கேட்கிறது. எப்போது நிறுத்துவது என்பதுதான் கேள்வி. எல்லாரும் ஒரு வயசு தாண்டுகிற வரைக்கும் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். நயினாருக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டிக்குள் ரத்த ஓட்டம் எவ்வளவு என்று ஸ்கேனில் அளந்து, குறைந்த பிள்ளைகளுக்கு முன்கூட்டியே நிறுத்திப் பார்த்தால் என்ன? ஐம்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டு வருஷ ஆராய்ச்சி, கமிட்டி அனுமதி, கொச்சி மாநாட்டில் பேச இடம். யோசனை நல்ல யோசனைதான், அதில் குற்றமில்லை, யாரும் குற்றம் சொல்ல முடியாது. பாருங்கள், இப்போதும் யோசனைக்குத்தான் வக்காலத்து வாங்குகிறது மனசு. வெட்கங்கெட்ட மனசு.

அன்றைக்கு ஏப்ரலில் இதே அறை, இதே கட்டில். கனிஷ்கா தூங்கவில்லை. வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள், தூங்குகிற வரைக்கும் காத்திருக்க நயினாருக்குப் பொறுமை இல்லை, "பிடிச்சுக்கோங்கம்மா, ரெண்டே நிமிஷம்" என்றார். பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி அழுதது. அது அசையாமல் இருக்கவேண்டுமே என்று ஸ்கேன் கருவியின் முனையை அவர் அழுத்திப் பிடித்தார். எவ்வளவு அழுத்தம்? பேனாவை அழுத்துகிற அளவு இருக்குமா? பேருந்தில் மணிப்பொத்தானை அழுத்துகிற அளவு? அவ்வளவுதான் இருக்கும், அவ்வளவு போதும். இந்தக் கட்டியை விரலால் தொட்டாலே வெளுத்துப்போகும், ரத்தம் ஒதுங்கிவிடும், விட்டால் திரும்பச் சிவக்கும், எந்தத் தாயும் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவாள். நசுங்கின குழாயில் ரத்தம் ஓடாது. ஓடாத ரத்தம் திரையில் தெரியாது. பதினாறு வருஷமாக ஒவ்வொரு வருஷமும் வந்து நிற்கிற பி.ஜி. பிள்ளைகளுக்கு இவர் முதல் நாள் சொல்லுகிற முதல் பாடமே இதுதான்: "தோலுக்கும் முனைக்கும் நடுவுல ஜெல் ஒரு கறுப்புப் பட்டையா தெரியணும்ல. தெரியலைன்னா நீ அமுக்குத. அமுக்குனா படம் பொய் சொல்லும்." எவ்வளவு கம்பீரமாகச் சொல்லுவார்! பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அன்றைக்குத் திரையில் ஒன்றிரண்டு புள்ளிதான் நிறமாக மினுங்கியது, அடடே என்றிருந்தது அவருக்கு, எண்ணை எழுதினார், முப்பத்தோராவது நல்ல எண். சாயங்காலம் வீட்டில் மனைவி சங்கரவடிவு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவளிடம்கூடச் சொன்னார். "அப்ப அந்தப் பிள்ளைக்கு மருந்து நிப்பாட்டிருவீங்களா? அப்பாடி, பாவம், தப்பிச்சுது" என்று அவளும் சந்தோஷப்பட்டாள். அவளையும் இதில் கூட்டுச் சேர்த்தாயிற்று.

சத்தம் நின்றிருந்தது. நயினார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ங்ங்" என்று ஒரு சிணுங்கல், முதுகில் தட்டுகிற சத்தம். இன்னும் தூங்கவில்லை. நல்லது. ஐயோ, என்ன நல்லது? தூங்காமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிற அளவுக்கு வந்தாயிற்றா? போன வாரம்தான் அந்த ஏப்ரல் படத்தை எடுத்துப் பார்த்தார். கட்டி திரும்ப வளர்ந்து கண் மூடி வந்து நின்றபிறகு, எப்படி இப்படி ஆகும் என்று ஆச்சரியமாகத்தான் எடுத்தார், சத்தியமாக ஆச்சரியம்தான், சந்தேகம் இல்லை. பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தார். கறுப்புப் பட்டை இல்லை. நூலளவுகூட இல்லை. கட்டியின் உயரம் அதற்கு முந்தின மாசம் ஒன்பது மில்லிமீட்டர், அன்றைக்கு ஆறு. வற்றியிருந்தால் சந்தோஷம், அது வற்றல் இல்லை, நசுக்கல். பன்னிரண்டாவது தடவை ஓட்டவில்லை, கணினியை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போனார். காபியில் சர்க்கரை கூட என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். மற்ற ஐம்பத்தோரு பிள்ளைகள்? அதில் எத்தனை அழுதது, எத்தனை பேரை இந்தக் கை அமுக்கியது? பார்க்க வேண்டும். பார்க்கலாம். மாநாடு முடியட்டும். சே. இதை நினைக்கிறபோதே கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. ஆனால் அந்த ஐம்பத்தொன்று அல்ல இப்போது தொண்டையில் நிற்பது. தொண்டையில் நிற்பது ஒரு டிக். கட்டி மறுபடி வளர்ந்தால் ஆராய்ச்சிப் படிவத்தில் காரணம் எழுத வேண்டும், கட்டம் போட்டிருக்கும். மார்ச்சில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, ரெண்டு நாள் மருந்து கொடுக்கவில்லை என்று மாரித்தங்கம் தானாகவே ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். பால் குடிக்காத நாளில் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று சொல்லிக்கொடுத்ததே இவர்கள்தான். ரெண்டு நாள் விட்டால் இப்படி வளராது என்று மருத்துவம் படித்த எந்தக் கழுதைக்கும் தெரியும். தெரிந்த கழுதைதான், 'பெற்றோர் மருந்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டது. பதினொரு தடவை பார்ப்பதற்கு முந்தியா, பிந்தியா? முந்தி என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிந்தி. காபி குடித்துவிட்டு வந்து போட்டது.

"சார்" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "இன்னும் முழிச்சிட்டுத்தான் கெடக்கா. மன்னிச்சிக்கோங்க சார், உங்க நேரமெல்லாம் வீணாப் போவுது."

"பரவாயில்லம்மா. மெதுவா தூங்கட்டும்."

மன்னிச்சிக்கோங்கவாம். அவள்! நயினார் சுவரைப் பார்த்துச் சிரிக்கப் போய் அது வேறு எதுவாகவோ வந்தது, இருமிச் சமாளித்தார். சொல்லிவிடுவது என்று நேற்றே தீர்மானித்தாயிற்று, சொல்லுவதில் மாற்றமில்லை, எப்போது என்பதுதான். ஸ்கேனுக்கு முந்திச் சொன்னால் இந்தக் கையைப் பிள்ளை முகத்தில் வைக்க விடுவாளா? விடமாட்டாள், விடக் கூடாது, விடாவிட்டால் நாளைக்கு ஜெபராணிக்கு வரைபடம் கிடையாது, நஷ்டம் யாருக்கு, பிள்ளைக்குத்தானே. ஆக, பிள்ளையின் நன்மைக்காகவே இப்போது சொல்லக் கூடாது. எவ்வளவு அழகாக வந்து பொருந்துகிறது பாருங்கள். ஸ்கேன் முடிந்ததும் சொன்னால்? முடிந்ததும் அவளுக்கு மயக்க டாக்டரிடம் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்தபிறகு? அப்போது நல்லபடியாக முடிந்திருந்தால் எதற்குச் சொல்ல வேண்டும், நல்லபடியாக முடியாவிட்டால் எப்படிச் சொல்ல முடியும்? அப்புறம் எந்த வார்த்தையில்? 'அன்றைய ஸ்கேனில் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்புண்டு.' பதவிசான வாக்கியம், கமிட்டிக்கு எழுதலாம், அதில் நயினார் என்று ஒரு ஆள் இருப்பதே தெரியாது. இந்த வாக்கியத்தைச் செதுக்குவதிலேயே ஒரு வாரம் போயிருக்கிறது, செதுக்கும்போது ஒருவிதத் திருப்திகூட இருந்தது, நம்மைப்போல மனசாட்சி யாருக்கு வரும் என்று. தூ.

"அவங்க அப்பா வரலியாம்மா?" என்று கேட்டார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"வெளிய பெஞ்சில இருக்காக சார்." பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "மருந்து டப்பா அவுககிட்டதான் இருக்கு. போன வாரம் மருந்து மறுபடி ஆரம்பிச்சதுலேருந்து அவுகதான் அளந்து குடுக்காக. என் கையில தர்றதில்ல. லோடு ஆட்டோ ஓட்ட எங்க போனாலும் மூணு நேரமும் வந்து குடுத்துட்டுப் போவாக. பரவால்ல சார், பிள்ளைக்குக் கெடைச்சா சரி."

எல்லாரும் எத்தனை பரவாயில்லைகள் சொல்லிக்கொள்கிறார்கள் இந்த அறையில். அந்த டிக் அவர் போட்ட கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை, வீடு வரைக்கும் போயிருக்கிறது, அலமாரியைத் திறந்து மருந்து டப்பாவை எடுத்து ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தன் கைக்கு மாற்றியிருக்கிறது. ஆராய்ச்சி சிஸ்டர்தான் படிவத்தைப் படித்துச் சொல்லியிருப்பாள், "மருந்த ஒழுங்கா குடுக்கலைன்னு டாக்டர் போட்டிருக்காரு" என்று. டாக்டர் போட்டிருந்தால் அப்புறம் என்ன? புருஷன் நம்புவான், ஊர் நம்பும், கடைசியில் அவளே நம்புவாள்.

"தூங்கிட்டா சார்" என்றாள் மெதுவாக.

திரையை விலக்கினார். மாரித்தங்கத்துக்கு இருபத்துமூன்று வயசிருக்கும், தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டிப் பிள்ளையை மடியிலேயே கிடத்தியிருந்தாள், கட்டிலில் போட்டால் முழித்துவிடும் என்று. கனிஷ்காவின் வாய் திறந்திருந்தது, உதட்டோரம் பால். இடது கண் இருந்த இடத்தில் ஒரு சிவந்த வீக்கம். நயினார் மண்டியிட்டார், நாற்காலியில் உட்கார்ந்தால் கை எட்டாது. சூடான ஜெல்லைத் தாராளமாக, ஒரு சின்ன மேடு மாதிரியே வைத்தார். சுண்டுவிரலைப் பிள்ளையின் நெற்றியில் ஊன்றி, முனை தோலைத் தொடாமல் ஜெல்லின் மேல் மிதக்கிற மாதிரிப் பிடித்தார். கறுப்புப் பட்டை தெரிந்தது. கனமாகத் தெரிந்தது. அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற நிறத்தைப் போட்டார், திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக எரிந்தது. மூன்று குழாய், இல்லை நான்கு, ஒன்று மூக்குப் பக்கத்திலிருந்து. அளந்தார், சேமித்தார், அளந்தார். பத்து நிமிஷம் அவர் மனசில் எதுவுமே இல்லை. கை வேலை செய்தது. நல்ல கைதான். அதுதானே கொடுமை, நல்ல கைதான்.

"அன்னைக்கு இம்புட்டுக் கலர் இல்லையே சார்" என்றாள் திரையைப் பார்த்து.

"இப்ப வளந்துருக்குல்லம்மா."

பொய் இல்லை. வளர்ந்துதான் இருக்கிறது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் இந்த அறையை விட்டு வெளியே போய்விடலாம், வாசல் திறந்தே இருக்கிறது. ஜெல்லைத் துடைக்கப் பஞ்சை எடுத்தார்.

"ஆமா சார்" என்றாள் மாரித்தங்கம். "அந்த ரெண்டு நாளு நான் எப்பிடியாச்சும் குடுத்திருக்கணும். துளித் துளியாவாச்சும் எறக்கியிருக்கணும். என் தப்புதான். கண்ணு தெரியாமப் போச்சுன்னா நாளைக்கு அவ என்னையத்தானே கேப்பா."

"உன் தப்பு இல்ல." பஞ்சு கையிலேயே இருந்தது. செதுக்கி வைத்த வாக்கியம் எங்கே போனதோ, தேடக்கூட நேரமில்லை. "உன் தப்பு இல்லம்மா. ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது. என் தப்பு. அன்னைக்கு நான் அமுக்கிப் பிடிச்சேன். அமுக்குனா ரத்தம் ஒதுங்கிரும், நீயே பாத்திருப்ப, வெளுத்துப்போகும்ல, அது மாதிரி. ரத்தம் இல்லைன்னு எழுதி மருந்த நிப்பாட்டச் சொன்னேன். நிப்பாட்டியிருக்கக் கூடாது." எழுந்துபோய் ஏப்ரல் படத்தை எடுத்து இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பன்னிரண்டாவது தடவை. கறுப்புப் பட்டை இருக்கிற படத்தையும் இல்லாத படத்தையும் விரலால் காட்டினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். மடியில் தட்டுவதை நிறுத்தவில்லை. "பிள்ள ரொம்ப அழுதாளே சார், அதனால அமுக்குனீகளோ?"

ஐயோ, இவளே ஒரு வழி காட்டுகிறாளே. "அதனாலயும்தான்" என்றார். "வெளிய கூட்டம் இருந்துச்சு, அதனாலயும்தான். எனக்கு நல்ல நம்பர் வேணும்னு இருந்துச்சு. அதனாலயும்தான்."

"நான் ரெண்டு தடவ போன் பண்ணேன் சார். வீங்குதுன்னு."

"தெரியும்."

"ஸ்கேன்ல நல்லாருக்கு, தேதிக்கு வந்தாப் போதும்னாக."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள், பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே போவாள், மேலே யாரிடமாவது எழுதிக் கொடுப்பாள். ஒரு வாரமாக இதையெல்லாம் விதவிதமாகப் போட்டுப் பார்த்து பயந்திருந்தார், ஒவ்வொன்றிலும் அவர்தான் நடுவில் நின்றார். மாரித்தங்கம் அவரைப் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்தாள்.

"அவுகளக் கூப்பிடுங்க சார்" என்றாள். "நான் எந்திரிச்சா இவ முழிச்சிருவா. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

இந்த அறையிலிருந்து நயினார் யாரையும் போய்க் கூப்பிட்டது கிடையாது, அதற்கு ஆள் உண்டு. கையில் ஜெல்லோடு வராந்தாவுக்கு வந்தார். பெஞ்சு நிறையப் பேர் டாக்டரே வருகிறார் என்று எழுந்து நின்றார்கள். "கனிஷ்கா அப்பா யாரு?" என்றார். இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஒல்லியாக, காக்கிச் சட்டை போட்ட ஒருவன் பயந்துபோய் ஓடி வந்தான். பேச்சிமுத்து. "என்ன சார், பிள்ளைக்கு என்ன சார்?" "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, உள்ள வாங்க."

உள்ளே இடம் போதாமல் இரண்டு பேரும் அவள் பக்கத்தில் நெருங்கி நின்றார்கள். நயினார் சொன்னார். அவளிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகவே வந்தது, படத்தைக் காட்ட மறந்துபோனார். பேச்சிமுத்துவுக்கு ஸ்கேன், அழுத்தம் இதெல்லாம் போய்ச் சேரவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அப்ப இவ அந்த ரெண்டு நாளு குடுக்காததுனால இல்லையா?" என்று கேட்டான்.

"இல்ல. வயித்துப்போக்குன்னா குடுக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லியிருந்தோம். அவங்க சொன்னபடி செஞ்சாங்க. தப்பு நான் பண்ணினது. பேப்பர்ல எழுதினதும் பொய்யி, அத மாத்துறேன்."

பேச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கண்ணு தெரியுமா சார்?"

"தெரியல. நாளைக்கு இமை தொறந்த பெறகுதான், அதுக்கும் மாசக்கணக்குல பாக்கணும். தெரியல எனக்கு."

வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாரித்தங்கம் பிள்ளையின் கன்னத்தில் வழிந்த ஜெல்லைச் சேலை நுனியால் ஒற்றி எடுத்தாள். எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் பார்வை நயினார் மேல் இல்லை, புருஷன் முகத்தில் நின்றது.

"இன்னொருக்கா சொல்லுங்க சார்" என்றாள்.

நயினார் பேச்சிமுத்துவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.